ஆன்லைனில் பொருள் விற்க கேமரா வாங்கணுமா? 60,000 ரூபாய் போடும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க

போன மாசம் திருத்தங்கல் பக்கத்துல இருந்து ஒரு தம்பி ஆபீஸுக்கு வந்திருந்தார். சென்னையில் ஐடி வேலை, கைக்கு வருவது மாதம் 42,000 ரூபாய். லீவுக்கு ஊருக்கு வந்தவர் போனை நீட்டினார். ஷாப்பிங் கார்ட்டில் ஒரு கேமரா, லென்ஸோடு சேர்த்து 60,000 ரூபாய். 12 மாத இஎம்ஐ. "அண்ணே, அம்மாவும் நானும் சேர்ந்து அருப்புக்கோட்டை காட்டன் சேலை ஆன்லைன்ல விக்கலாம்னு இருக்கோம். போட்டோ நல்லா இருந்தாதான விக்கும்? இந்தக் கேமரா சரியா இருக்குமா?"

நான் கேமரா நிபுணர் இல்லை, ஆடிட்டர். அதனால கேமராவைப் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுத்துக் கணக்குப் போட ஆரம்பிச்சேன். அந்தக் கணக்கு உங்களில் பலருக்கும் பயன்படும். சம்பளத்தோடு சேர்த்து ஒரு சைடு பிசினஸ் பண்ணலாம்னு நினைக்கிறவங்க முதல் மாசமே செய்கிற பெரிய செலவு பெரும்பாலும் கேமராவாகத்தான் இருக்குது.

படம்தான் சரக்கை விற்கும் என்பது எங்க ஊருக்குப் புதுசு இல்லை. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்தாங்க. தீப்பெட்டிக்கு லேபிள் வேணும், பட்டாசுப் பெட்டிக்கும் லேபிள் வேணும். அந்தத் தேவையில் இருந்துதான் சிவகாசியில் அச்சுத்தொழில் வளர்ந்தது. ஆக, நல்ல படம் வேணும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. அதுக்கு 60,000 ரூபாய் வேணுமா என்பதுதான் கேள்வி.

முதல் கேள்வி: நீங்க விற்கப்போற பொருளை ஆன்லைனில் விற்கலாமா?

சிவகாசி ஏரியா ஆட்கள் இதைக் கட்டாயம் படிங்க. அந்தத் தம்பியோட முதல் திட்டமே சேலை இல்லை, பட்டாசு. "கிஃப்ட் பாக்ஸை அழகா போட்டோ எடுத்து ஒரு வெப்சைட் போட்டா தீபாவளிக்கு அள்ளிடலாம்" என்று நண்பர்கள் சொல்லியிருக்காங்க.

2018 அக்டோபர் 23 அன்று அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு தெளிவாக இருக்குது. இ-காமர்ஸ் தளங்கள் பட்டாசுக்கு ஆன்லைன் ஆர்டர் வாங்கக்கூடாது, விற்கக்கூடாது. மீறினால் நீதிமன்ற அவமதிப்பு, அபராதம். இதுக்கு மேல, பட்டாசை விற்கவே வெடிபொருள் சட்டத்தின் கீழ் லைசென்ஸ் வேணும். ரயிலில் பட்டாசு கொண்டுபோனால் ரயில்வே சட்டம் பிரிவு 164-ன்படி 3 வருஷம் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். "பேமென்ட் பட்டன் வைக்கல, எஸ்டிமேட் மட்டும்தான் போடுறோம்" என்று சொல்லி நடத்துறவங்க இருக்காங்க. மாதச் சம்பளத்தில் இருக்கிற நீங்க அந்த ரிஸ்க்கை எடுக்காதீங்க. ஒரு வழக்கு வந்தால் போவது கேமரா காசு மட்டும் இல்லை, வேலையும்தான்.

வாங்குகிற பக்கமும் கவனமா இருங்க. தீபாவளி சமயத்தில் அடுத்தவன் எடுத்த போட்டோவைத் திருடிப் போட்டு, பாதி விலைக்குப் பட்டாசு என்று பணம் பறிக்கிற போலி வெப்சைட்கள் வருது. ஏமாந்துட்டா உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்க.

பட்டாசை விட்டால் விற்க வேற எதுவுமே இல்லையா? நம்ம மாவட்டத்தில் அருப்புக்கோட்டை சேலை இருக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இருக்கு, சாத்தூர் சேவு இருக்கு, சிவகாசி டைரி, காலண்டர், நோட்டு இருக்கு, விருதுநகர் வத்தல், மல்லி, எண்ணெய் இருக்கு. சாப்பிடுற பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு அல்லது லைசென்ஸ் எடுத்துக்கணும். நான் இங்கே சேலையை வைத்துக் கணக்குப் போடுறேன். நீங்க உங்க பொருளை வெச்சுப் போட்டுக்கோங்க.

இரண்டாவது கேள்வி: தளங்கள் எவ்வளவு பெரிய படம் கேட்குது?

கடைக்காரர் முதலில் சொல்வது மெகாபிக்சல்தான். 24, 33, 45 என்று ஏத்திக்கிட்டே போவார். ஆனால் விற்கிற தளம் என்ன கேட்குது என்று பாருங்க.

அமேசானில் முதல் படத்துக்கு (மெயின் இமேஜ்) சுத்த வெள்ளை பின்னணி வேணும். பொருள் படத்தின் 85 சதவீதத்தை நிரப்பணும். படத்து மேல எழுத்து, லோகோ, வாட்டர்மார்க் எதுவும் கூடாது. ஜூம் வேலை செய்ய நீளமான பக்கம் குறைந்தது 1,000 பிக்சல் இருக்கணும்.

தாராளமா 2,000 × 2,000 பிக்சல் என்றே வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 40 லட்சம் பிக்சல். அதாவது 4 மெகாபிக்சல். உங்க பாக்கெட்டில் இருக்கிற போனில் குறைந்தது 12 மெகாபிக்சல் இருக்கும். தேவையைப் போல மூணு மடங்கு ஏற்கெனவே கையில் இருக்குது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கணக்கு மாறும். அதே படத்தை அச்சடிக்கவும் போறீங்க என்றால் பிரஸ்ஸில் 300 டிபிஐ கேட்பாங்க. ஏ4 அளவு கேட்லாக்குக்கு 2,480 × 3,508 பிக்சல், அதாவது சுமார் 8.7 மெகாபிக்சல். இதுவும் போனுக்குள் அடங்கும். 20 × 30 இன்ச் காலண்டர் முழுக்க ஒரே படம், அதுவும் 300 டிபிஐ என்றால் 54 மெகாபிக்சல் வரும். அந்த வேலையை அதுக்கான போட்டோகிராபரிடம் கொடுத்துவிடுங்க.

மூன்றாவது கேள்வி: இந்தக் கேமரா எத்தனை சேலைக்குச் சமம்?

முதலில் இஎம்ஐ. 60,000 ரூபாய், 16% வட்டி, 12 மாதம். மாதத் தவணை சுமார் 5,444. மொத்தம் 65,326. வட்டி மட்டும் 5,326. அந்த வட்டி மேல கிரெடிட் கார்டில் 18% ஜிஎஸ்டி, சுமார் 959. பிராசஸிங் ஃபீஸையும் சேர்த்தால் 66,500 ரூபாய் பக்கம் வந்து நிற்கும்.

"அண்ணே, இது நோ காஸ்ட் இஎம்ஐ" என்றார் தம்பி. நோ காஸ்ட் இஎம்ஐ என்றால் வட்டி அளவுக்குத் தொகையை விலையில் முன்கூட்டியே தள்ளுபடியாகக் கொடுக்கிறாங்க. பேங்க் வழக்கம்போல வட்டி போடும். அந்த வட்டி மேல ஜிஎஸ்டியும் போடும். பிராசஸிங் ஃபீஸும் இருக்கும். இரண்டும் உங்க தலையில்தான். தவிர, மொத்தமாகக் கொடுத்தால் கிடைத்திருக்கும் கேஷ் டிஸ்கவுண்ட் இதில் போய்விடும்.

இப்போ சேலைக்கு வருவோம். இது ஒரு மாதிரிக் கணக்குதான், உங்க எண்களைப் போட்டுக்கோங்க.

- விற்பனை விலை: 999
- நெசவாளர் அல்லது மொத்தக் கடையில் வாங்கிய விலை: 620
- தளத்தின் கமிஷன், ஷிப்பிங்: 190
- பேக்கிங்: 15
- ஒரு சேலையில் மிச்சம்: 174

ஆனால் எல்லா ஆர்டரும் தங்காது. சிலது திரும்பி வரும். ஒரு ரிட்டர்னுக்குப் போக வர ஷிப்பிங், மறுபடி மடிச்சு பேக்கிங் எல்லாம் சேர்த்து 150 ரூபாய் நஷ்டம் என்று வைப்போம். 20 ஆர்டரில் 1 திரும்பினால் மிச்சம் 3,156 ரூபாய். ஒரு ஆர்டருக்குச் சராசரி 158.

66,500-ஐ 158-ஆல் வகுத்துப் பாருங்க. 421 ஆர்டர். தினமும் 2 ஆர்டர் வந்தாலும் ஏழு மாதம். அதுவரை நீங்களும் அம்மாவும் கேமரா கம்பெனிக்கும் பேங்குக்கும் சம்பளம் இல்லாம வேலை பார்க்கிறீங்க. அதுவும் முதல் நாளில் இருந்தே தினமும் 2 ஆர்டர் வந்தால்! இஎம்ஐ அதுக்காகக் காத்திருக்காது. மாதம் 5,444 என்பது 42,000 சம்பளத்தில் சுமார் 13 சதவீதம். வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புறது போக மிஞ்சுகிற காசில் அது எவ்வளவு என்று நீங்களே பாருங்க.

நான்காவது கேள்வி: ரிட்டர்ன் ஏன் வருது?

தம்பி சோதனைக்காக ஏற்கெனவே சில சேலைகளைப் போட்டிருந்தார். அந்தப் படங்களைக் காட்டினார். ராத்திரி, ஹாலில், டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தது. அரக்கு சேலை படத்தில் பழுப்பாகத் தெரிஞ்சது. மயில் கழுத்து நிறம் வெறும் நீலமாக இருந்தது. திரும்பி வந்த சேலைகளுக்கு எழுதியிருந்த காரணம் ஒன்றேதான்: "கலர் வேற."

மேலே போட்ட கணக்கில் 20 ஆர்டரில் 1 திரும்புவதற்குப் பதில் 4 திரும்பினால் என்ன ஆகும்? மிச்சம் 3,156-ல் இருந்து 2,184-ஆகக் குறையும். ஒவ்வொரு 20 ஆர்டருக்கும் 972 ரூபாய் காலி.

சட்டமும் வாங்குறவர் பக்கம்தான். 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (இ-காமர்ஸ்) விதிகளின்படி, விளம்பரத்தில் காட்டிய தன்மைக்கு மாறாகப் பொருள் இருந்தால் விற்பனையாளர் திரும்ப வாங்க மறுக்கக்கூடாது. உங்க போட்டோவும் நீங்க கொடுக்கிற வாக்குதான்.

டியூப்லைட்டில் எடுத்தால் 60,000 ரூபாய் கேமராவிலும் அரக்கு பழுப்பாகத்தான் வரும். பிரச்சினை வெளிச்சத்தில் இருக்குது. அதைச் சரி பண்ண கேமரா வேண்டாம்.

3,000 ரூபாய்க்குள் ஒரு ஸ்டூடியோ

தம்பிக்கு நான் எழுதிக்கொடுத்த லிஸ்ட் இது. விலை ஊருக்கு ஊர், கடைக்குக் கடை கொஞ்சம் மாறும்.

1. போன் மாட்டுற கிளிப்போடு ஒரு ட்ரைபாட்: 800 ரூபாய் பக்கம். கை ஆட்டம் போய்விடும். எல்லாப் படமும் ஒரே உயரத்தில், ஒரே கோணத்தில் இருக்கும்.
2. இரண்டு எல்இடி லைட்: 1,200 பக்கம். அட்டைப்பெட்டியில் சிஆர்ஐ என்று ஒரு எண் இருக்கும். 90-க்கு மேல் இருக்கணும். நிறத்தை உள்ளபடி காட்டுற லைட் அதுதான். வாட் எவ்வளவு என்பதை அப்புறம் பாருங்க.
3. வெள்ளை பேப்பர்: 23 × 36 இன்ச் தாள் சிவகாசியில் எந்தப் பேப்பர் கடையிலும் கிடைக்கும். பளபளப்பான ஆர்ட் பேப்பர் வேண்டாம், லைட் அடிச்சு மின்னும். மேப்லித்தோ மாதிரி மங்கலான தாள் கனமாகக் கேளுங்க. சேலை, சட்டை மாதிரி பெரிய பொருளுக்கு வெளுத்த வெள்ளை வேட்டியை அயர்ன் பண்ணித் தொங்கவிட்டாலே போதும்.
4. இரண்டு தெர்மாகோல் பலகை: நிழல் விழுகிற பக்கம் நிறுத்தினால் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும்.
5. ஒரு கிரே கார்டு: நிறம் சரிபார்க்க. எடிட் பண்ணும்போது ஒரே சொடுக்கில் எல்லாப் படத்துக்கும் நிறம் சரியாகும்.

எல்லாம் சேர்ந்து 3,000 தாண்டாது. 19 ஆர்டரில் போட்ட காசு திரும்பிவிடும். தினமும் 2 ஆர்டர் என்றால் பத்து நாள்.

எடுக்கிற முறையும் முக்கியம்.

- காலை 9-ல் இருந்து 11 மணிக்குள், நேரடி வெயில் விழாத ஜன்னல் பக்கத்தில் எடுங்க. நம்ம ஊர் வெயிலை நேரா விழ விட்டால் நிறம் வெளுத்துப்போகும், நிழல் கறுப்பாக வெட்டும். மெல்லிய வெள்ளைத் துணியை ஜன்னலில் கட்டுங்க.
- ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கும்போது டியூப்லைட்டை அணைச்சுடுங்க. இரண்டு வெளிச்சம் கலந்தால் பாதிச் சேலை ஒரு நிறம், மீதி வேறு நிறம்.
- போனில் பியூட்டி, ஃபில்டர், ஏஐ எல்லாவற்றையும் ஆஃப் பண்ணுங்க. அதெல்லாம் நிறத்தை ஏத்திக் காட்டும். பார்க்க அழகா இருக்கும், ரிட்டர்னும் வரும்.
- வைட் லென்ஸில் எடுக்காதீங்க, ஓரம் வளையும். மெயின் லென்ஸை வெச்சு கொஞ்சம் தள்ளி நில்லுங்க.
- ஸ்க்ரீனில் பொருள் மேல விரலை அழுத்திப் பிடிச்சு ஃபோகஸையும் வெளிச்சத்தையும் லாக் பண்ணுங்க. 2 செகண்ட் டைமர் வையுங்க.
- எடுத்த படத்தைச் சேலைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்க. அப்போ போனில் கண் பாதுகாப்பு மோடு ஆஃப்-ல இருக்கணும்.

சேலைக்கு முழு நீளம், பார்டர், முந்தி, பிளவுஸ் பிட், நூல் தெரிகிற மாதிரி ஒரு குளோசப் என்று ஐந்து படமாவது போடுங்க. பேக் பண்ணின பொருள் என்றால் பின்பக்க லேபிளையும் வாசிக்கிற மாதிரி எடுங்க. எம்ஆர்பி, நிகர எடை, தயாரிப்பாளர் பெயர், முகவரி எல்லாம் ஆன்லைனிலும் காட்டணும் என்பது எடையளவுச் சட்ட விதி.

அப்போ கேமரா வேண்டவே வேண்டாமா?

அப்படிச் சொல்லமாட்டேன். கவரிங் நகை, கல் வெச்ச மோதிரம் மாதிரி சின்னப் பொருளை ரொம்பப் பக்கத்தில் எடுக்கணும் என்றால் போன் திணறும். வாரத்துக்கு நூறு புதுப் பொருள் ஏத்துறீங்க, எல்லாம் ஒரே மாதிரி வரணும் என்றாலும் கேமரா நேரத்தை மிச்சம் பண்ணும். அப்போ கடையில் இதைப் பாருங்க.

- மேனுவல் மோடு, கஸ்டம் ஒயிட் பேலன்ஸ்: வெளிச்சத்தையும் நிறத்தையும் நீங்களே பூட்டி வைக்க முடியணும்.
- எவ்வளவு பக்கத்தில் ஃபோகஸ் ஆகும்: 18-55 கிட் லென்ஸ் பலதும் 25 செ.மீ. வரை கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும். பால்கோவா டப்பாவுக்கு இது தாராளம். மோதிரத்துக்கு மேக்ரோ லென்ஸ் வேணும், அது தனிச் செலவு.
- சென்சார்: ஏபிஎஸ்-சி போதும், ஃபுல் ஃப்ரேம் வேண்டாம். பெரிய சென்சாரில் பின்னணி எளிதாக மங்கலாகும். கல்யாண போட்டோவுக்கு அது அழகு. நமக்குப் பொருளின் முன்னும் பின்னும் தெளிவா இருக்கணும். அதனால அப்பர்ச்சரை 8-ல் இருந்து 11-க்குள் வைத்து, ட்ரைபாடில் எடுக்கணும். இந்த விஷயத்தில் போனோட சின்ன சென்சார் நமக்கு லாபம்தான்.
- படம் போனுக்கு வருவது: வைஃபை இருந்தால் எடுத்ததும் நேரா லிஸ்டிங்கில் ஏத்தலாம்.

பழைய டிஎஸ்எல்ஆர் இந்த வேலைக்கு நல்ல தேர்வு. கம்பெனிகள் மிரர்லெஸ் பக்கம் போய்விட்டதால் செகண்ட் ஹேண்டில் விலை இறங்கியிருக்கு. அசையாத சேலையை எடுக்க வேகமான ஆட்டோஃபோகஸ் எதுக்கு? வாங்கும்போது ஷட்டர் கவுண்ட் பாருங்க. தொடக்கநிலை மாடல்களில் ஒரு லட்சம் சொடுக்கு என்பது பொதுவாகச் சொல்லப்படும் ஆயுள். லென்ஸில் பூஞ்சை இருக்கா என்று டார்ச் அடிச்சுப் பாருங்க.

வாங்கும் முன் வாடகைக்கு எடுத்துப் பாருங்க. ஆடி, மார்கழியில் கல்யாணம் இருக்காது. ஊர் போட்டோகிராபர் அண்ணாச்சியோட கேமராவும் லைட்டும் சும்மா இருக்கும். ஒரு நாளுக்குப் பேசி, 50 சேலையை வரிசையா எடுத்துடுங்க. அந்தப் படத்தையும் உங்க போன் படத்தையும் தனித்தனி லிஸ்டிங்கில் போட்டு, எதுக்கு ஆர்டர் அதிகம், எதுக்கு ரிட்டர்ன் குறைவு என்று ஒரு மாதம் பாருங்க. வித்தியாசம் காசாகத் தெரிஞ்சா கேமரா வாங்குங்க.

"பிசினஸ் கணக்கில் காட்டினா டேக்ஸ் மிச்சம்தானே?"

தம்பி கடைசியாகப் போட்ட அஸ்திரம் இது. என்னிடம் வருகிற பாதிப் பேர் இதைத்தான் நம்புறாங்க. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தேய்மானம்: கேமரா விலையை முழுசா ஒரே வருஷத்தில் கழிக்க முடியாது. பொது இயந்திர வகையில் வருஷத்துக்கு 15% தேய்மானம். 60,000-க்கு 9,000. நீங்க 20% ஸ்லாபில் இருந்தால் செஸ்ஸோடு மிச்சமாகிற வரி 1,872 ரூபாய். அந்த வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அதிலும் பாதி. கோடைச் சுற்றுலாவுக்கும் அதே கேமராதான் என்றால் சொந்த உபயோகப் பங்கைக் கழிக்கணும்.

42,000 சம்பளக்காரருக்கு: 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு ரிபேட் இருப்பதால் வரியே வராது. கட்டாத வரியை எப்படி மிச்சம் பிடிப்பது?

44ஏடி முறை: சின்ன வியாபாரம் பண்றவங்களில் நிறைய பேர் போகிற வழி. பேங்க் வழியா வந்த விற்பனையில் குறைந்தது 6% லாபம் என்று காட்டலாம் (நிஜ லாபம் அதிகம் என்றால் அதைக் காட்டுங்க). கணக்குப் புத்தகம் வைக்கும் தொல்லை இல்லை. ஆனால் இதில் தேய்மானத்தைத் தனியாகக் கழிக்க முடியாது. கேமரா வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வரி ஒன்றுதான்.

ஜிஎஸ்டி: கேமராவுக்கு 18%. 60,000-ல் 9,153 ரூபாய் ஜிஎஸ்டி. அதைத் திரும்ப எடுக்க (இன்புட் கிரெடிட்) நீங்க ஜிஎஸ்டி பதிவு செய்தவராக இருக்கணும். அதுக்காக மட்டும் பதிவு எடுத்தால், ரிட்டர்ன் போடுகிற செலவிலேயே அந்தக் காசு கரைஞ்சுடும்.

செகண்ட் ஹேண்டில் கேஷ்: பிசினஸ் சொத்துக்கு ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தத் தொகைக்குத் தேய்மானம் கிடையாது. யுபிஐ-ல் அனுப்புங்க. சீரியல் நம்பர் எழுதின ரசீதை வாங்கி வையுங்க.

வரியைக் காரணம் காட்டிக் கேமரா வாங்காதீங்க. ஆனால் வியாபாரம் ஆரம்பித்தால் சில வரி வேலைகளைத் தவிர்க்க முடியாது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

- சம்பளம் மட்டும் இருக்கும்போது போட்ட ஐடிஆர்-1 இனி செல்லாது. 44ஏடி என்றால் ஐடிஆர்-4. ஷேர் மார்க்கெட்டில் குறுகிய கால லாபம், எஃப் அண்ட் ஓ எல்லாம் இருந்தால் ஐடிஆர்-3.
- சம்பளக்காரர்கள் வருஷா வருஷம் பழைய, புதிய வரி முறையை மாத்திக்கலாம். வியாபார வருமானம் வந்துவிட்டால் அந்தச் சுதந்திரம் போய்விடும். பழைய முறைக்குப் போக ஃபார்ம் 10-ஐஇஏ கொடுக்கணும். அங்கிருந்து புதிய முறைக்குத் திரும்பினால், வியாபார வருமானம் இருக்கும்வரை மறுபடி பழைய முறைக்கு வர முடியாது. வீட்டுக்கடன் இருக்கிறவங்க இதை யோசிச்சு முடிவெடுங்க.
- 2023 அக்டோபர் 1 முதல், 40 லட்சத்துக்குக் குறைவாக விற்கிறவங்க ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே தளங்கள் மூலம் பொருள் விற்கலாம். ஆனால் தமிழ்நாட்டுக்குள் மட்டும். ஜிஎஸ்டி போர்ட்டலில் ஒரு என்ரோல்மென்ட் நம்பர் எடுக்கணும். பெங்களூருவுக்கு ஒரே ஒரு சேலை அனுப்பணும் என்றாலும் தளம் மூலமாக என்றால் பதிவு வேணும்.
- தளத்தில் உங்க விற்பனை வருஷத்துக்கு 5 லட்சம் தாண்டினால் 0.1% டிடிஎஸ் பிடிப்பாங்க. அது உங்க ஏஐஎஸ்-ல வந்துவிடும். "யாருக்குத் தெரியப்போகுது" என்று விட்டுவிடாதீங்க.
- 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், பிரிவு எண்கள் மாறும். தாக்கல் பண்ணும்போது அந்த வருஷத்துக்கு உரிய எண்ணைப் பாருங்க.
- உங்க ஆஃபர் லெட்டரை எடுத்துப் படிங்க. வேறு தொழில் செய்யக்கூடாது என்று இருந்தால் எச்ஆர்-இடம் எழுத்தில் அனுமதி வாங்குங்க. இல்லையா, வியாபாரத்தை அம்மாவே தன் பெயரில், தன் முதலில், தன் பேங்க் கணக்கில் நடத்தட்டும். பெயர் மட்டும் அவங்களுது, வேலையும் காசும் உங்களுது என்று வைக்காதீங்க.

எப்போ வாங்கலாம்? என் விதி

வியாபாரத்துக்கு ஒரு தனி பேங்க் கணக்கு ஆரம்பிங்க. 3,000 ரூபாய் செட்டப்பில் மூணு மாதம் ஓட்டுங்க. அந்தக் கணக்கில் லாபம் மட்டும் சேரட்டும், சம்பளத்தில் இருந்து ஒரு ரூபாயும் போடாதீங்க. சேர்ந்த லாபம் கேமரா விலையைப் போல இரண்டு மடங்கு ஆனால் வாங்குங்க. பாதி கேமராவுக்கு, பாதி சரக்குக்கு. இஎம்ஐ வேண்டாம். லாபம் அந்த அளவுக்குச் சேரவே இல்லை என்றால், வியாபாரத்தில் வேறு ஏதோ சரியில்லை என்று அர்த்தம். விலையா, சரக்கா, ஷிப்பிங்கா என்று பாருங்க. அதைக் கேமரா சரி பண்ணாது.

தம்பி கார்ட்டைக் காலி பண்ணிட்டுத்தான் கிளம்பினார். போகிற வழியில் பேப்பர் கடைக்குப் போய் நாலு தாள் வாங்கியிருக்கார். போன வாரம் ஒரு படம் அனுப்பினார். காலை ஜன்னல் வெளிச்சத்தில் அதே அரக்கு சேலை, இந்தத் தடவை அரக்காகவே இருந்தது. எடுத்தது அவர் இல்லை, அவங்க அம்மா. அவர் சென்னையில் வேலைக்குத் திரும்பிட்டார். அம்மாவே போனில் எடுத்து, அவங்களே லிஸ்டிங் போடுறாங்க. 60,000 ரூபாய் கேமரா வாங்கியிருந்தால் அது இவர் வரும்வரை பீரோவில் தூங்கியிருக்கும்.

நீங்க என்ன பொருள் விற்கப்போறீங்க, ஒரு ஆர்டரில் எவ்வளவு மிச்சம் என்று கமெண்ட்டில் எழுதுங்க. உங்க எண்ணை வெச்சு எத்தனை ஆர்டரில் காசு திரும்பும் என்று அடுத்த வீடியோவில் கணக்குப் போட்டுக் காட்டுறேன்.